வலிக்காத நெஞ்சு

அழகிரி இறந்துபோன பிறகு துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "அவர் முன்னாடி போவாருன்னு யாரு நினைச்சது?"

அவர் மனைவி மகாலட்சுமியின் காதுபடவே சொன்னார்கள். அவளும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

பதினொரு வருடங்களுக்கு முன்பு அவளுக்கு மாரடைப்பு வந்தது. சர்க்கரை அதற்கும் முன்பிருந்தே இருந்தது. ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியபோது அழகிரியை டாக்டர் தனியாகக் கூப்பிட்டார். "சர்க்கரையும் சேர்ந்து இருக்கு. அஞ்சு வருஷம் நல்லபடியா ஓட்டினாலே பெரிய விஷயம். பார்த்துக்குங்க" என்றார்.

அழகிரி பார்த்துக்கொண்டார். திருவெறும்பூர்ப் பக்கம் தொழிற்சாலையில் வெல்டராக இருந்த மனிதர், காலையும் ராத்திரியும் மனைவிக்கு இன்சுலின் ஊசியைத் தன் கையாலேயே போட்டார். சோற்றைக் கிண்ணத்தில் அளந்து வைத்தார். சாயங்காலம் அவளோடு கூடவே நடந்தார். அஞ்சு வருடம் பத்தைத் தாண்டிப் போயிற்று.

தன் ரத்த அழுத்தத்தை மட்டும் அவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. பால் வாங்கப் போன இடத்தில் தலைசுற்றி விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு. அன்று சாயங்காலமே எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் போய் ரெண்டு வாரம் ஆகிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை. அவருடைய படத்திறப்பு.

*

ஸ்ரீரங்கத்தில், மேலூர் ரோட்டை ஒட்டிய அந்த ஃபிளாட்டில், சுபஸ்ரீ காலையிலேயே, படத்துக்கு வாங்கி வைத்த மாலையை எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

சுபஸ்ரீ மூத்தவள். தபால் ஆபீஸில் வேலை. கணவர் துபாயில். அப்பாவை அடக்கம் செய்த கையோடு அம்மாவைத் தன்னோடு இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

மாலையை எடுத்தபோது, கதவுத் தட்டில் இருந்த மருந்துப் பெட்டி கீழே விழுந்தது. இன்சுலின் பேனாக்கள். அம்மா வந்த அன்று சாயங்காலம் சுபஸ்ரீயே மருந்துக் கடையில் வாங்கி வந்தது.

குனிந்து எடுத்தாள். கடைக்காரர் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது.

சுபஸ்ரீ பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தினமும் ஆபீஸ் கிளம்பும்போது, "ஊசி போட்டுக்கிட்டியாம்மா?" என்று கேட்பாள். "போட்டுக்கிட்டேன்" என்று பதில் வரும். ராத்திரியும் அதே கேள்வி, அதே பதில்.

அம்மாவின் கட்டிலுக்கு அடியில் இருந்த துணிப்பையை இழுத்துப் பார்த்தாள். மாத்திரை அட்டைகளும் பிரிக்காமல் கிடந்தன. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்தது, கொழுப்புக்குக் கொடுத்தது, எல்லாம்.

மகாலட்சுமி குளித்துவிட்டு வெள்ளைப் புடவை கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு. இந்த நாட்களில் எந்நேரமும் அவள் கையில் ஒரு சொம்பு இருந்தது. வெயிலுக்குத்தான் இப்படிக் குடிக்கிறாள் என்று சுபஸ்ரீ நினைத்திருந்தாள்.

"அம்மா. இதை ஏன் பிரிக்கவே இல்ல?"

மகாலட்சுமி பெட்டியைப் பார்த்தாள்.

"கையை நீட்டு."

விரலில் குத்தி, ரத்தத்தைச் சர்க்கரை பார்க்கும் மிஷினில் வைத்தாள். எண்ணே வரவில்லை. அளவுக்கு மேலே போய்விட்டது என்று மட்டும் காட்டியது.

சுபஸ்ரீ டேப்பைக் கிழித்துப் பேனாவை எடுத்து, அப்பா வழக்கமாகப் போடும் அளவை வைத்து அம்மாவின் வயிற்றில் ஊசியைப் போட்டாள். மகாலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை, தடுக்கவும் இல்லை. யாருக்கோ நடப்பதைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு இட்லி சாப்பிடு. விசேஷம் முடிஞ்சதும் நேரா டாக்டர்கிட்ட போறோம்."

"சரி" என்றாள் மகாலட்சுமி. பிறகு மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். "பீமாகிட்ட சொல்லாதே."

"ஏம்மா இப்படிப் பண்ணே?"

"இன்னிக்கு மட்டும் சொல்லாதே. அப்பா விசேஷம்."

கீழே கார் ஹாரன் கேட்டது. பீமராவ் வந்துவிட்டான்.

*

தம்பி பீமராவ் ஓசூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். விடியற்காலையில் கிளம்பி நேராக வந்திருந்தான். அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, மெதுவாகத்தான் ஓட்டினான்.

திருவானைக்காவலைத் தாண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் பேச்சை ஆரம்பித்தான்.

"அக்கா, நான் முடிவு பண்ணிட்டேன். அம்மா என்கூட ஓசூர் வரட்டும்."

"மூணாவது மாடி. லிஃப்ட் இல்ல. எப்படி ஏறுவாங்க?"

"உன் வீட்ல மட்டும் என்ன? நீ காலைல போனா சாயங்காலம்தான் வர்றே. பகல்ல ஏதாவது ஒண்ணுன்னா?"

"ஆள் வெச்சுக்கலாம்."

"வெளியாளை நம்பி விடறதா? அப்பா இருந்தா சம்மதிப்பாரா?"

"அப்பா மாதிரி யாரால பார்க்க முடியும், பீமா? உன்னால முடியுமா? ராத்திரி ஷிஃப்ட் வந்தா என்ன செய்வே?"

"ஆறு மாசம் நீ, ஆறு மாசம் நான்னு வெச்சுக்கலாம். திருவெறும்பூர் வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்."

சுபஸ்ரீ பதில் சொல்லும் முன் திரும்பிப் பார்த்தாள். அம்மா கண்ணாடியில் தலையைச் சாய்த்திருந்தாள். கண் திறந்துதான் இருந்தது. காவிரியில் மணல் திட்டுகளுக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாளா, எதையும் பார்க்கவில்லையா என்று தெரியவில்லை.

"அப்புறம் பேசலாம்" என்றாள் சுபஸ்ரீ.

கார் பால்பண்ணைக்கு வந்து தஞ்சாவூர் ரோட்டில் திரும்பியது.

*

வீட்டு முன்னால் தெருவை அடைத்து ஷாமியானா போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. மேஜைமேல் நீலத்துணி மூடிய படம். பக்கத்தில் அம்பேத்கர் படத்துக்கு ஏற்கெனவே மாலை போட்டிருந்தது.

பேச வந்தவர்களில் கடைசி ஆள் முகம்மது கனி. அழகிரியோடு தொழிற்சாலையில் ஒரே பிரிவில் முப்பது வருடம் நின்றவர். அவர்தான் படத்தைத் திறக்க வேண்டும். அவர் மைக்கைப் பிடிக்கும்போது வெயில் ஏறியிருந்தது.

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மகாலட்சுமிக்கு அப்போதுதான் வேர்க்க ஆரம்பித்தது. நெற்றியிலும் கழுத்திலும் வழிந்தது. கொட்டாவி மேல் கொட்டாவி விட்டாள். வாயில் எச்சில் ஊறியது. சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுபஸ்ரீக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. காலையில் தான் போட்ட ஊசி. இத்தனை நாள் போடாத உடம்பில் முழு அளவையும் போட்டுவிட்டோம், இட்லியும் ஒன்றரைதான் சாப்பிட்டாள், சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்தாள். அம்மாவைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய், கைப்பையிலிருந்து மிஷினை எடுத்தாள்.

எண் வந்தது. நானூற்றுக்குப் பக்கத்தில்.

இறங்கவில்லை. ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. அடுத்த நொடி பயம் பிடித்தது. இறங்கவில்லை என்றால் இந்த வேர்வை எதற்கு?

பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் விசிறியோடு உள்ளே வந்தாள். பின்னாலேயே பீமராவும் வந்தான்.

"நெஞ்சு வலிக்குதாம்மா?" என்றான்.

"இல்லப்பா. கொஞ்சம் மூச்சு வாங்குது. அவ்வளவுதான்."

"கை வலி? தோள்பட்டை?"

"எதுவும் இல்ல."

பீமராவ் பெருமூச்சு விட்டான். "அப்ப ஹார்ட் இல்ல. கூட்டம், வெயில், அழுகை. கொஞ்சம் படுத்தா சரியாயிடும்."

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், பீமா" என்றாள் சுபஸ்ரீ.

"அக்கா, கனி மாமா இன்னும் பேசி முடிக்கல. எங்கெங்கே இருந்தோ வந்திருக்காங்க. அம்மா இல்லாம எப்படிப் படத்தைத் திறக்கறது?"

"முன்னே அட்டாக் வந்தப்ப மகா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அலறினா. நான்தானே பக்கத்துல இருந்தேன்" என்றாள் வியாகுலம்மாள். "அம்மிக்கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்குன்னா. இப்ப அப்படி எதுவும் சொல்லலையே."

"படம் திறக்கட்டும்" என்றாள் மகாலட்சுமி. "அதைப் பார்த்துட்டுப் போகலாம்."

மறுபடி வெளியே வந்து உட்கார்ந்தாள். முகம்மது கனி பழைய வேலைநிறுத்தக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை முதல் வரிசையைப் பார்த்தார். மகாலட்சுமியின் உதடு வெளுத்து, தாடை தொங்கியிருந்தது.

கனி பேச்சை அந்த வாக்கியத்திலேயே நிறுத்தினார். திரும்பி, நீலத்துணியை இழுத்தார். அழகிரி தொழிற்சாலை அடையாள அட்டைக்கு எடுத்த அதே முகத்தோடு எல்லாரையும் பார்த்தார். கைதட்டல் எழுவதற்கு முன் கனி மைக்கிலேயே சொன்னார்.

"தங்கச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கப்பா. இதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்."

*

அரியமங்கலத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. பீமராவ் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. பின்சீட்டில் மகாலட்சுமி மகளின் தோளில் சாய்ந்து வாயால் மூச்சு விட்டாள். படுக்க வைத்தால் மூச்சு இன்னும் முட்டியது. நிமிர்த்தியே பிடித்துக்கொண்டாள் சுபஸ்ரீ.

மருத்துவமனையில் ஈசிஜி எடுத்த நர்ஸ் காகிதத்தைப் பார்த்ததும் வேகமாக உள்ளே போனாள். டாக்டர் சம்ரீன் வந்தார். சின்ன வயதுதான். இதயப் பிரிவில் அன்றைய டியூட்டி அவருக்கு. நோயாளியின் அருகே உட்கார்ந்து, கையைப் பிடித்துப் பார்த்து, பரிசோதனைகளுக்குச் சொல்லிவிட்டு, பிள்ளைகள் இருவரையும் வெளியே கூப்பிட்டார்.

"ஹார்ட் அட்டாக்தான். ஆனா இன்னிக்கு வந்தது இல்ல. ரெண்டு நாளாவது ஆகியிருக்கும். அதோட மிச்சம்தான் இன்னிக்கு நீங்க பார்த்தது. நுரையீரல்ல நீர் கோத்திருக்கு."

"வலியே இல்லையே, டாக்டர்" என்றான் பீமராவ்.

"சர்க்கரை ரொம்ப வருஷமா இருந்தா நரம்பு மரத்துப் போயிடும். கால்ல முள் குத்தினா தெரியாம நடக்கிறாங்க இல்லையா, நெஞ்சுக்குள்ளேயும் அதே கதைதான். வலி வராது. மூச்சு வாங்கும், வேர்க்கும், குமட்டும், அசதியா இருக்கும். வீட்ல துக்கம் நடந்திருந்தா அது யார் கண்ணுக்கும் தனியா தெரியாது."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுபஸ்ரீக்கு ஞாபகம் வந்தது. அம்மா சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். 'அசதியா இருக்கு' என்றாள். அப்பாவை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எண்ணி, தொந்தரவு செய்யாமல் விளக்கை அணைத்துவிட்டு வந்தாள் சுபஸ்ரீ.

"மருந்து மாத்திரையெல்லாம் விடாம எடுத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"ஒருவேளைகூட விட்டதில்ல டாக்டர்" என்றான் பீமராவ். அவன் குரலில் பெருமை இருந்தது. "எங்கப்பா அப்படிப் பழக்கி வெச்சிருந்தார். பதினொரு வருஷமா."

டாக்டர் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார்.

சுபஸ்ரீ உள்ளே பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் அம்மாவின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருந்தது.

"இல்ல டாக்டர். அப்பா போனதுல இருந்து இன்சுலின் போட்டுக்கல. மாத்திரையும் எடுக்கல. எனக்கே இன்னிக்குக் காலைலதான் தெரியும்."

டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "சொன்னது நல்லது. இது தெரியாம மருந்து கொடுத்திருந்தா தப்பா போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பீமராவ் நின்ற இடத்திலேயே நின்றான்.

"உன் வீட்ல தானே இருந்தாங்க" என்றான்.

"பீமா..."

"உன் வீட்லதானே அக்கா இருந்தாங்க? தினம் ஃபோன் பண்றப்ப நல்லா இருக்காங்கன்னுதானே சொன்னே? அப்பா பதினொரு வருஷம் காப்பாத்தினதை உன்னால ரெண்டு வாரம் காப்பாத்த முடியலையா?"

அவன் குரலை உயர்த்தவே இல்லை. கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் நடந்துபோய் வராந்தாவின் மறுகோடியில் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டான்.

*

ஆஞ்சியோகிராம் முடிந்து முடிவு வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது.

"பழைய ஸ்டென்ட் அடைச்சிருக்கு. மத்த ரெண்டு குழாயிலும் பல இடத்துல அடைப்பு. பைபாஸ்தான் சரியான வழி" என்றார் டாக்டர் சம்ரீன். "ஆனா மறைக்க மாட்டேன். இதயம் பம்ப் பண்ற சக்தி பாதியாகிடுச்சு. கிட்னியும் அடி வாங்கியிருக்கு. சர்க்கரையைக் கட்டுக்குள்ள கொண்டு வந்து, ஒரு நாலஞ்சு நாள் பார்த்துட்டுதான் செய்ய முடியும். அந்த நாலஞ்சு நாளைத் தாண்டறதே ஒரு கண்டம்."

"தாண்டிட்டா?" என்றான் பீமராவ்.

"ஆபரேஷனும் நல்லபடியா முடிஞ்சா, இன்னும் பல வருஷம் நடமாடலாம். பண்ணலைன்னா மருந்துலேயே ஓட்டணும். எவ்வளவு நாள்னு என்னால சொல்ல முடியாது. ரொம்ப நாள்னு சொல்ல மாட்டேன். அம்மா தெளிவாத்தான் இருக்காங்க. அவங்ககிட்ட பேசிட்டுச் சொல்லுங்க. ஒருத்தர் ஒருத்தரா போங்க."

முதலில் சுபஸ்ரீ போனாள்.

மாஸ்க்கைக் கழற்றி மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியிருந்தது.

"சொல்லிட்டியா?" என்றாள் மகாலட்சுமி.

"டாக்டர் கேட்டாங்கம்மா. சொல்லாம இருக்க முடியல."

"சரி, விடு."

சுபஸ்ரீ கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "சாகணும்னு நினைச்சியாம்மா?"

மகாலட்சுமி யோசித்தாள். கிளை நூலகத்தில் வேலை பார்த்தவள். யார் என்ன கேட்டாலும் யோசித்துத்தான் பதில் சொல்வாள்.

"அப்படி நினைக்கல. சாயங்காலம் ஊசிப் பெட்டியைக் கையில எடுப்பேன். காலைல போட்டுக்கலாம்னு வெச்சிடுவேன். காலைல எடுப்பேன். சாயங்காலம் பார்க்கலாம்னு வெச்சிடுவேன். அவ்வளவுதான் சுபா."

"எங்களை நினைச்சுப் பார்க்கலையா?"

"உங்களைத்தான் நினைச்சேன்." மூச்சு வாங்கியது. நிறுத்திப் பேசினாள். "பதினொரு வருஷம் உங்கப்பா ஒரு கல்யாண வீட்ல ராத்திரி தங்கினதில்ல. ஊசி நேரம் தப்பிடும்னு ஓடி வந்துடுவாரு. அவருக்குத் தலைவலி இருந்திருக்கு. ரொம்ப நாளா. ஒருநாள் கனி வந்து தலைவலி மாத்திரை கேட்டு வாங்கிட்டுப் போனாரு. யாருக்குன்னு நான் கேட்கல. என்கிட்ட சொன்னா நான் பயப்படுவேன், எனக்கு ஏதாவது ஆயிடும்னு அவர் சொல்லாம இருந்திருக்காரு. என்னைப் பார்த்துக்கிட்டதுல அவர் போயிட்டாரு."

"அது அப்படி இல்லம்மா."

"இனிமே உங்க முறை. ஆறு மாசம் நீ, ஆறு மாசம் அவன்."

சுபஸ்ரீ அம்மாவின் நெற்றியைத் துடைத்தாள். துடைக்க அங்கே எதுவும் இல்லை. நர்ஸ் நேரமாயிற்று என்று சொன்னதும் வெளியே வந்தாள்.

அவள் வந்ததும் பீமராவ் எழுந்து, அவளைப் பார்க்காமல் கடந்து உள்ளே போனான்.

கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவன் முதலில் நின்றுகொண்டு பேசினான். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அம்மாவின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அம்மா ஏதோ சொன்னாள். சின்னதாகத்தான். அவன் தலையை ஆட்டி மறுத்தான். அவள் மறுபடி சொன்னாள். அவன் அவள் கைமேல் நெற்றியை வைத்துக் கவிழ்ந்துகொண்டான். அம்மா மற்றொரு கையால் அவன் தலைமுடியைத் தடவினாள்.

வெளியே வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது.

"என்ன சொன்னாங்க?"

அவன் அக்காவைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னான். "வேணாமாம். நெஞ்சைப் பிரிக்க வேணாம், திருவெறும்பூர் வீட்டுக்கே கொண்டு போய் விட்டுடுன்னாங்க. இருக்கிற வரைக்கும் அங்கேயே இருந்துக்கறாங்களாம்."

"நீ என்ன சொன்னே?"

அப்போது டாக்டர் சம்ரீன் வராந்தாவில் வந்துகொண்டிருந்தார்.

"பேசினீங்களா? என்ன சொல்றாங்க?"

"சரின்னுட்டாங்க, டாக்டர்" என்றான் பீமராவ். "ஆபரேஷன் பண்ணிக்கறேன்னு சொல்லிட்டாங்க."

சுபஸ்ரீ தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பார்வை டாக்டரைவிட்டு நகரவில்லை. கீழுதடு மட்டும் துடித்தது. அப்பாவைக் குழியில் இறக்கியபோதுகூட அவன் உதடு இப்படித் துடித்ததில்லை.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். மத்தியானம் உண்மையைச் சொன்னவள் என்பதால்தான் அவளிடம் கேட்டார் போலும். "உங்ககிட்டயும் அப்படித்தான் சொன்னாங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அம்மா வீட்டுக்கு வருவாள். ஒரு மாதமோ, ரெண்டு மாதமோ. சொல்லாவிட்டால், வேண்டாம் என்றவளின் நெஞ்சைத் திறப்பார்கள்.

சுபஸ்ரீ தலையை ஆட்டினாள். "ஆமா, டாக்டர்."

"நல்லது" என்றார் டாக்டர் சம்ரீன். "அப்ப ஏற்பாட்டை ஆரம்பிச்சிடறேன். நாளைக்குக் காலைல சர்ஜன் வருவார். அவரும் நானும் அம்மாகிட்டயே நேரா உட்கார்ந்து ஒருதடவை பேசிடறோம். அவங்க வாயால கேட்காம நாங்க தொட மாட்டோம்."

அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

மத்தியானத்திலிருந்து முகம் கொடுத்துப் பேசாத அக்காவும் தம்பியும் அப்போதுதான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.